குரல் அஞ்சல்

கிரகாம் பெல் என்னும் அறிஞர் 1876-ஆம் ஆண்டில் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். சேய்மையில் இருப்பார் குரல் அண்மையில் ஒலித்தது. எனினும், அழைக்கப்பட்டவர் தம் இருக்கையில் இல்லையேல் அழைத்தவர் முயற்சி வீணாயிற்று. இக்குறையைப் போக்க எழுந்த கருவிகளுள் ஒன்றே குரல் அஞ்சல். அமெரிக்கரான கார்டன் மேத்யூஸ் இத்தகைய அமைப்பொன்றிற்கு 1983-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

பெரிய அலுவலகங்களில் மேசைதோறும் ஓர் உள் எண் உண்டு. அவ்வெண்ணை அழுத்தி, அலுவலகத்தார் தமக்குள் உரையாடுவர். வெளியிலிருந்து வரும் அழைப்பையும் உரியவர்க்கு மாற்றிவிடுவர். அவர் எடுக்காவிடின், அழைப்பு குரல் அஞ்சலுக்குச் செல்லும். குறியொலி கேட்டபின் நாம் பேசுவது பதிவாகும். அவர் திரும்பி வந்து, தம் மறைவெண்ணை அழுத்தி அதனைக் கேட்பார்.

நேரிற் பேசுங்கால் விளங்காததை மீண்டும் வினவலாம். பதிவான குரலை வினவ இயலுமோ? குருதி வேண்டி ஒருவர் மருத்துவமனை அலுவலகத்தை அழைக்கிறார் எனக் கொள்வோம். "உடனே என்னை அழையுங்கள்" என்று மட்டும் கூறி வைத்துவிட்டால், யாரை, எவ்வெண்ணில் அழைப்பது என அறியாது கேட்பவர் திகைப்பார். அப்பிழை ஓர் உயிருக்கே ஊறாகலாம்.

ஆதலின், பெயர், எண், அழைத்த நேரம், செய்தி ஆகியவற்றைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் கூறுக. எண்ணை ஒவ்வோர் இலக்கமாக நிறுத்தி இருமுறை சொல்லுக. பிறர் அறியத்தகாதவற்றை நேரிற் பேசுதற்கு விட்டுவிடுக.

சொல்வன்மைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் திருவள்ளுவர். கேட்பவர் முகம் காணாது பேசும்போது அவ்வன்மை மிகுதியும் வேண்டற்பாலது அன்றோ?