பரம்பிக்குளத்தில் ராத் தங்கப் போகிறவர்களுக்கு

பரம்பிக்குளம் இருப்பது கேரளத்தில். வண்டி போவதோ பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாக. இரண்டு மாநில வனத்துறைக்கும் கட்டணம் கட்ட வேண்டும்; பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பணம், மருந்து, டார்ச் பேட்டரி எல்லாவற்றையும் பொள்ளாச்சியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

2010 முதல் இது புலிகள் காப்பகம். சொந்தக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரம்பிக்குளம் அணைக்கரையில் அடிக்க விடமாட்டார்கள். ஆனப்பாடியில் வனத்துறை போட்டுவைத்திருக்கும் கூடாரத்தில்தான் படுக்கை. கட்டில், குளியலறை எல்லாம் உண்டு. ‘இதுக்குப் பேரு கேம்பிங்கா?’ என்று உதட்டைப் பிதுக்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். காட்டுமாடு ஒன்று பக்கத்தில் நின்று புல்லைப் பிடுங்கும் சத்தத்தைக் கேட்ட பிறகு அவர்களும் கட்டிலைக் குறை சொல்வதில்லை.

எந்த மாதம் போகலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் அணையில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கிளம்புவேன். அணையை நிர்வகிப்பது தமிழ்நாடு. தண்ணீர் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்ட (பிஏபி) வாய்க்கால்களில் கொங்கு வயல்களுக்குப் போகிறது. திறந்துவிடத் திறந்துவிடக் கரை பின்வாங்கும், ஈரச்சேற்றில் புதுப் புல் முளைக்கும், அதைத் தேடி மானும் காட்டுமாடும் யானையும் இறங்கும். அணை நிரம்பியிருந்தால் காட்சி அழகு. விலங்கு கண்ணில் படுவது அரிது. மழைக்காலத்தில் அட்டையும் சேர்ந்துகொள்ளும். அது கடித்தால் பிய்த்து எடுக்காதீர்கள். நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து ஓரமாக நெம்பினால் விட்டுவிடும்.

சேற்றில் காட்டுமாட்டுக் குளம்படி தெரிந்தால் குனிந்து பாருங்கள். விளிம்பு கூர்மையாக, உள்ளே ஊறிய தண்ணீர் இன்னும் கலங்கலாக இருந்தால் அது இப்போதுதான் போயிருக்கிறது. நீங்களும் திரும்பிவிடுவது நல்லது. விளிம்பு காய்ந்து உதிர்ந்திருந்தால் பழசு.

தண்ணீரில் காலை நனைக்கும் ஆசை வேண்டாம். முதலைகள் உண்டு. மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகளும் கிடக்கின்றன. அணைக்குக் கீழே ஆற்றுப் பாறையில் சாப்பாட்டுக் கடை பரப்புவதும் கூடாது. 2022 செப்டம்பரில் ஒரு மதகு நள்ளிரவுக்கு மேல் பிய்த்துக்கொண்டு, விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி தண்ணீர் சாலக்குடி ஆற்றுப் பக்கம் பாய்ந்த இடம் இது.

மூங்கில் தெப்பத்தில் போக வாய்த்தால் விட்டுவிடாதீர்கள். துடுப்பு போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் காட்டுப் பழங்குடியினர்தான். “பேசாம வாங்க சார், தண்ணி மேல சத்தம் ரொம்ப தூரம் போகும்” என்றார் ஒருவர். அவர் சொல்லி வாயை மூடிய பிறகுதான் பட்டுப்போன மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்திருந்த பாம்புத்தாராவைக் கண்டோம்; கரையோரம் நீர்நாய்க் குடும்பம் ஒன்று மீனைக் கடித்து மெல்வதும் கேட்டது. வழிகாட்டியோடு நடக்கும்போது அவர் நின்றால் நீங்களும் நில்லுங்கள், காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

விடிகாலையில் குளிரும், பொள்ளாச்சி வெயிலை நம்பிக் கம்பளியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். தின்பண்டத்தைக் கூடாரத்துக்கு வெளியே வைத்தால் குரங்குக்கும் காட்டுப்பன்றிக்கும் விருந்துதான். காலையில் ஷூவைத் தட்டி உதறிய பிறகே காலை விடுங்கள், தேள் ஒளிந்திருக்கலாம்.