'நகஸ' - நூற்றதைப் பிரித்தல்

வாக்கை முறிப்பதைக் குறிக்கத் திருமறையில் 'நகள' என்றும் வருகிறது. 'நகஸ' என்றும் வருகிறது. முன்னது நமக்குப் பழகிய சொல். உளூவை முறிக்கும் காரியங்களை 'நவாகிளுல் உளூ' என்று மதரஸாவில் ஓதுகிறோமே, அதன் வேர் இதுதான். கட்டியதைக் குலைப்பது என்பது பொருள். 'நகஸ' என்பதை இங்கு சற்று ஆராய்வோம்.

முறுக்கேறிய நூலை அல்லது கயிற்றைப் புரி புரியாகப் பிரித்தலே இதன் மூலப்பொருள். மறுபடி நூற்பதற்காகப் பழங்கம்பளியிலிருந்து பிரித்தெடுத்த இழையை அரபிகள் 'நிக்ஸ்' என்பர், பன்மை 'அன்காஸ்'. ஸூரத்துந் நஹ்லின் 92-ஆம் வசனத்தில் இவ்விரு சொற்களின் வடிவங்களும் சேர்ந்தே வருகின்றன. உறுதியாக நூற்ற பின் தன் நூலைத் தானே பிரித்துப் போட்ட பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்பது அங்குள்ள எச்சரிக்கை.

கவனியுங்கள்! அந்நூலைப் பகைவன் அறுக்கவில்லை; நூற்ற கையே பிரித்தது. வீணானதும் அவளுடைய உழைப்பே. ஹிஜ்ரி 6-இல் ஹுதைபிய்யாவில் மரத்தடியில் நடந்த பைஅத் பற்றி ஸூரத்துல் ஃபத்ஹின் 10-ஆம் வசனம் பேசுகிறது. முறிப்பவன் தனக்கே கேடாக முறிக்கிறான் என்ற கருத்து அங்கும் 'நகஸ' என்ற சொல்லாலேயே கூறப்படுகிறது.

அதே இடத்தில் குறைஷிகளுடன் உடன்படிக்கையும் ஏற்பட்டது. விலங்குடன் தப்பி வந்த அபூ ஜந்தல் (ரலி) அவர்களைக்கூட, கொடுத்த வாக்குக்காக நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். பின்னர் குறைஷிகளோ, முஸ்லிம்களின் நேசக் குலமான குஸாஆவைத் தாக்கிய பனூ பக்ருக்குத் துணை நின்று உடன்படிக்கையை முறித்தனர். ஹிஜ்ரி 8-இல் மக்கா அவர்கள் கையை விட்டுப் போயிற்று. பிரித்தவர் கையில் இழைதான் மிஞ்சியது!

இங்கு ஒரு மஸ்அலாவையும் அறிந்துகொள்வோம். "தம்பியுடன் பேசமாட்டேன்" என்று அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்தவர், அதைச் சாக்காக வைத்து உறவைத் துண்டிக்கலாகாது. சத்தியத்தை முறித்துப் பேசிவிட்டுக் கஃப்பாரா கொடுக்க வேண்டும். பத்து ஏழைகளுக்கு உணவு அல்லது உடை. இயலாதவருக்கு மூன்று நாள் நோன்பு. ஆனால் மனைவிக்குரிய மஹர், கூலியாளின் கூலி, தவணை சொல்லி வாங்கிய கடன் ஆகியவை பிறர் உரிமைகள். எந்தக் கஃப்பாராவும் அவற்றைத் தீர்க்காது. கொடுத்தே தீர வேண்டும்.

"நாளை தருகிறேன், இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லும்போதே தராமலிருக்க எண்ணுவது எவ்வளவு பெரிய துணிச்சல்! நூற்றதைப் பிரிக்காத கைகளை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.