ஞானப் பல்லை அகற்றிய பின்

சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் வழங்குகின்றன. கடைவாயின் கோடியில் இறுதியாக முளைக்கும் பல்லைத் தமிழர் ஞானப் பல் என்பர். தெலுங்கர் ஞான தந்தம் என்பர். அறிவு முதிரும் பருவத்தில், ஏறத்தாழ 17 முதல் 25 வயதுக்குள், தோன்றுவதால் இப்பெயர் வந்தது. சிலருக்கு நான்கும் முளைக்கும். சிலருக்கு ஒன்றிரண்டு உண்டாவதே இல்லை. தாடையில் இடம் போதாவிடில் அப்பல் நேரே எழாமல் அடுத்த கடைவாய்ப் பல்லின்மீது சாய்ந்தோ, எலும்புக்குள் புதைந்தோ நின்றுவிடும். பாதி வெளிவந்த பல்லின்மேல் ஈறு ஒரு மடிப்பாகக் கவிந்திருக்கும். அதனடியில் உணவுத் துணுக்குகள் தங்குவதால் வீக்கமும் சீழும் காணும்.

புதைந்த பல் அனைத்தையும் அகற்றவேண்டும் என்பதில்லை. நோயற்ற பல்லை முன்னெச்சரிக்கையாக மட்டும் எடுக்கலாகாது என்று பிரிட்டனில் 2000-ம் ஆண்டிலேயே நெறிமுறை வகுக்கப்பட்டது. மீண்டும் மீண்டும் வீங்கும் ஈறு, சொத்தை, அடுத்த பல்லுக்கு நேரும் கேடு, தாடையில் நீர்க்கட்டி ஆகியவையே தக்க காரணங்கள்.

மேல்வரிசைப் பல்லை எடுத்தால் கண்பார்வை குன்றும் என்ற அச்சம் இப்பகுதியில் இன்றும் பலரைத் தடுத்துவிடுகிறது. இதற்கு ஆதாரமே இல்லை. பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு, பார்வைக்குரிய நரம்பு வேறு. மெய்யாகக் கவனிக்கத்தக்க நரம்பு கீழ்த்தாடை எலும்பினுள் ஓடுவதாகும். பல்லின் வேர் அதற்கு எவ்வளவு அருகில் உள்ளதென்பதை எக்ஸ்ரே படம் காட்டும். அது நலிவுற்றால் கீழுதடும் மோவாயும் மரத்திருக்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி திரும்பும், மிகச் சிலருக்கு மரப்பு நிலைத்துவிடும். இதனை மருத்துவர் முன்கூட்டியே சொல்லவேண்டும். நோயாளியும் கேட்கத் தயங்கலாகாது. நீரிழிவு, இதய நோய், இரத்தம் உறையாதிருக்க உட்கொள்ளும் மாத்திரை ஆகியவற்றை நோயாளி மறைக்கக் கூடாது.

லிக்னோகெயின் ஊசியினால் அவ்விடம் மரத்துப்போகும். அழுத்தமும் அசைவும் தெரியுமேயன்றி வலி தெரியாது. தெரிந்தால் கையை உயர்த்திக் காட்டினால் போதும். ஈறு கீறப்பட்டு, வேண்டுமாயின் சிறிது எலும்பு நீக்கப்பட்டு, பல் துண்டுகளாக எடுக்கப்படும். பின்னர்த் தையல் இடப்படும்.

அதன் பிறகே நோயாளியின் பொறுப்பு தொடங்குகிறது. பல் இருந்த குழியில் உறையும் இரத்தமே இயற்கை இடும் கட்டு. அது பெயராமல் காப்பதே முதல் நாளின் வேலை. காஸ் துணியை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அழுத்திக் கடித்திருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு வாய் கொப்பளித்தல், காறி உமிழ்தல் ஆகாது. இளநீர் குடிக்கலாம், குழாய் வைத்து உறிஞ்சலாகாது. திருப்பதியில் பல்லை எடுத்துக்கொண்டு சுமார் 70 கிலோமீட்டர் பஸ்ஸில் சித்தூருக்குத் திரும்புவோர் சன்னல் வழியே துப்பிக்கொண்டே வருவதால்தான் இரத்தம் நிற்பதில்லை. உமிழ்நீர் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பே, அதை விழுங்கிவிடலாம். மாற்றுக் காஸ் துணி இரண்டு கையில் இருத்தல் நலம்.

வீட்டுப் பெரியோர் அன்புடன் செய்யும் உப்பு ஒத்தடம் முதல் நாளில் வீக்கத்தைக் கூட்டும். கன்னத்தின்மேல் துணியில் சுற்றிய பனிக்கட்டியை விட்டு விட்டு வைப்பதே முறை. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்பு நீரால் மெல்லக் கொப்பளிக்கலாம். ஆறிய கேழ்வரகுக் கூழ், குழைந்த தயிர்ச்சோறு, பாலில் ஊறிய இட்டிலி ஏற்றவை. வேர்க்கடலையும் புளித்த மாங்காயும் பின்னர் ஆகட்டும். பீடி, புகையிலை, வெற்றிலைப் பாக்கு அறவே கூடாது. பல் எடுக்கத் திருப்பதிக்கு வந்ததோடு மலையேறவும் எண்ணுவோர் அலிபிரியின் 3,550 படிகளை வேறொரு பயணத்துக்கு ஒதுக்கட்டும். கடும் உழைப்பு இரத்தப்போக்கை மீண்டும் தூண்டும்.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சமடைந்து, ஒரு வாரத்துக்குள் வடியும். வாய் முழுதும் திறவாமையும் இக்காலத்தில் இயல்பே. களப்பணியாளர் கவனிக்கவேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. வலி நாளுக்கு நாள் குறைதல் வேண்டும். குறைந்துவந்த வலி மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் திடீரென மிகுந்து, காதுவரை பரவி, வாய் நாற்றமும் தோன்றினால், இரத்தக் கட்டு பெயர்ந்து எலும்பு வெளிப்பட்டதென்று கொள்ளலாம். புகைபிடிப்போருக்கு இது மிகுதி. உயிருக்கு ஆபத்தில்லை; ஆயினும் வலி மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டு கிராமத்தில் காத்திருப்பது வீண் துன்பம். மருத்துவர் குழியைக் கழுவி மருந்திட்டால் விரைவில் ஆறுதல் கிடைக்கும். கிராம்பு எண்ணெயை வீட்டிலேயே ஊற்றுவது ஈற்றைப் புண்ணாக்கும்.

காய்ச்சலுடன் வீக்கம் மோவாயின் அடியிலும் கழுத்திலும் இறங்குதல், விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல், நாக்கு மேலெழுதல் ஆகியவை வேறு வகையைச் சேர்ந்தவை. கிருமி கழுத்தின் ஆழத்தில் பரவினால் சில மணி நேரத்தில் மூச்சுக்குழல் அடைபடலாம். பல்லை எடுக்காமலே நாட்களைக் கடத்தியவர்களுக்கும் இது நேரும். விடியட்டும் என்று காத்திராமல் 108 வண்டியை அழைத்து, திருப்பதி ரூயா அரசு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு உடனே அனுப்பவேண்டும்.

கரையாத தையலை ஏறக்குறைய ஏழாம் நாளில் பிரிப்பர். ஆசிரியர்கள் பலர் இரண்டு மூன்று நாளில் பணிக்குத் திரும்பக்கூடும். முதல் வாரத்தில் உரக்கப் பாடம் சொல்வதைக் குறைத்து, கரும்பலகையை அதிகமாகப் பயன்படுத்தினால் தாடைக்கு ஓய்வு கிட்டும்.