கொல்லிமலை மிளகும் வாய்ப்புற்று ஆய்வும்: பைப்பரின், குர்குமின் பற்றிய ஒரு மதிப்பீடு

கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாகிய கொல்லிமலை, வல்வில் ஓரியின் மலையாகச் சங்கப் பாடல்களால் அறியப்படுவது. இன்று நாமக்கல் மாவட்டத்துக்கு உட்பட்டது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, மரவள்ளி, காப்பி, வாழை முதலியவற்றுடன் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடியைப் படரவிட்டு வளர்க்கின்றனர். அம்மிளகு மஞ்சளோடு சேர்ந்தால் வாய்ப்புற்றைத் தீர்க்கும் என்னும் கூற்று எவ்வளவு ஏற்கத்தக்கது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

தாவரப்பொருள் என்பதாலேயே நன்மை பயக்கும் எனக் கொள்ளுதல் பொருந்தாது. வாய்ப்புற்றுக்குக் காரணமாவனவற்றுள் பாக்கும் ஒன்று. அது புற்றை உண்டாக்கும் என்பதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் உறுதிசெய்தது.

மஞ்சளின் குர்குமின் பற்றிய தொடக்கக்கால மனித ஆய்வுகளுள் ஒன்று, திருச்சூர் அமலா புற்றுநோய் ஆய்வு மையத்தினர் 1987இல் வெளியிட்டது. புறத்தே தெரியும் புற்றுப்புண் உடைய 62 பேருக்கு மஞ்சள் சாறும் குர்குமின் களிம்பும் பூசப்பட்டன. நூற்றுக்குத் தொண்ணூற்றின்மருக்கு நாற்றம் குறைந்தது. புண்ணின் அளவும் வலியும் குறைந்தவர் நூற்றுக்குப் பதின்மரே. நாற்றம் நீங்குதல் நோயாளிக்குப் பெரும் ஆறுதல். ஆயினும் அது நோய் தீர்தல் ஆகாது.

உட்கொள்ளும் குர்குமினோ குருதியில் மிகக் குறைவாகவே சேர்கிறது. பெங்களூர்ப் புனித யோவான் மருத்துவக் கல்லூரியினர் 1998இல் நலமுடையோர்க்கு 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரினைக் கொடுத்தபோது, உடலுக்குக் கிடைத்த அளவு 20 மடங்கு உயர்ந்தது. மிளகில் பைப்பரின் நூற்றுக்கு 5 பங்கு எனக் கொண்டால் இது ஏறத்தாழ 0.4 கிராம் மிளகுக்கு நிகர். திரிகடுகத்தில் மிளகும் திப்பிலியும் இடம்பெறும் மரபை இவ்விடத்து நினைவுகூரலாம். இரண்டிலும் பைப்பரின் உண்டு. ஆயின் உயர்ந்தபின்னும் குருதியில் இருந்த உச்ச அளவு மில்லிலிட்டருக்கு 0.18 மைக்ரோகிராமே. ஆய்வுக்கூடத்தில் புற்றணுக்களின்மேல் பொதுவாகச் சோதிக்கப்படும் 10 மைக்ரோமோலார் என்பதோ 3.7 மைக்ரோகிராம் ஆகும். தட்டில் அணு அழிந்தது என்னும் செய்தியை உடலுக்கு ஏற்றிக் கூறுவோர் இந்த இருபது மடங்கு இடைவெளியைக் கணக்கிற்கொள்வதில்லை. எனவே, விழுங்குவதைவிடப் புண்ணின்மேல் நேரே பூசும் வழியே மேலாய்வுக்கு உரியதெனத் தோன்றுகிறது.

மருத்துவமனையில் நிலைபெற்ற தாவரவழி மருந்து வேறு. யூ மரத்தின் ஊசியிலைப் பொருளிலிருந்து ஆக்கப்படும் டோசிடாக்சல் அது. சிஸ்பிளாட்டின் ஏலாத தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 356 பேரிடம் மும்பை டாட்டா நினைவு மையம் நிகழ்த்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றோரில் ஈராண்டு உயிர்வாழ்ந்தோர் 41.7 விழுக்காடு, வாரந்தோறும் சிறிதளவு டோசிடாக்சலும் பெற்றோரில் 50.8 விழுக்காடு. வாய்ப்புற்று இவ்வகையுள் அடங்குவது.

சிக்கல் இங்குதான் எழுகிறது. டோசிடாக்சலைக் கல்லீரலில் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 என்னும் நொதியைப் பைப்பரின் தடுக்கவல்லது. குர்குமினை உடலில் தங்கச்செய்யும் இயல்பே புற்றுமருந்தின் அளவையும் மாற்றி நச்சுத்தன்மையைக் கூட்டக்கூடும். இரசத்தில் இடும் மிளகு வேறு. நாள்தோறும் விழுங்கும் பைப்பரின் செறிவு வேறு. “வேறு மருந்து உண்கிறீர்களா?” என மருத்துவர் வினவுங்கால், வீட்டுச் சூரணத்தை மருந்தென எண்ணாதவர் “இல்லை” என்றே விடையளிப்பர். மிளகு, திப்பிலி, மஞ்சள் எனப் பெயர் சுட்டியே அவ்வினாவைத் தொடுத்தல் வேண்டும்.