நன்றாக ஓடும் வண்டிக்கு டைமிங் பெல்ட் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2015 மாடல் ரெனோ டஸ்டர் டீசல். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இப்போது 94,000 கிலோமீட்டர் ஆகிறது. இழுவை, மைலேஜ் எதிலும் குறை இல்லை. ஆயில் மாற்றப் போன இடத்தில் மெக்கானிக், "டைமிங் பெல்ட் மாத்தியிருக்காங்களான்னு தெரியலை. மாத்திடுங்க சார், கூடவே வாட்டர் பம்பையும் போட்டுடலாம்" என்கிறார். என் மச்சானின் ஸ்விஃப்ட் டீசல் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவர் இப்படி எதையும் மாற்றியதில்லை. "நல்லா ஓடுற எஞ்சின்ல கை வைக்காதீங்க" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

– வாசகர், திண்டுக்கல்

பதில்: மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள். அடுத்த நெடுந்தூரப் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

உங்கள் மச்சான் தன் வண்டியைப் பற்றிச் சொன்னது உண்மைதான். ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சினில் இருப்பது டைமிங் செயின். எஞ்சினுக்குள்ளேயே ஆயிலில் நனைந்தபடி ஓடுவதால் நீண்ட நாள் உழைக்கும். தளர்ந்தாலும் பெரும்பாலும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் டஸ்டரின் 1.5 லிட்டர் டீசலில் இருப்பதோ ரப்பர் பெல்ட். நிஸான் டெரானோ டீசலிலும் இதே எஞ்சின்தான். இந்தப் பெல்ட் அறுகிற நிமிடம் வரை வண்டி அருமையாகவே ஓடும். அதனால் 'நன்றாக ஓடுகிறது' என்பதை இங்கே சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

கீழே கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் மேலே கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. ஒரு பல்கூடப் பிசகாமல் இரண்டையும் இணைத்துப் பிடித்திருப்பது அந்தப் பெல்ட்தான். நால்வழிச் சாலையில் 2,000 ஆர்பிஎம்மில் போகும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1,000 முறை திறந்து மூடுகிறது. டீசல் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கு மேல் மிச்சமிருக்கும் இடம் மிகக் குறைவு. பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும். ஆனால் வண்டியின் வேகத்தில் பிஸ்டன்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். திறந்தபடி நின்றுபோன வால்வுகளில் அவை மோதும். வால்வு வளையும், கைடு உடையும், சமயத்தில் பிஸ்டனிலும் அடி விழும். ஹெட்டை இறக்காமல் சரிசெய்ய முடியாது. பெல்ட் மாற்றும் செலவைப்போல அது பல மடங்கு.

எனக்குப் பணத்தைவிடப் பெரிய கவலை வேறு. அறுந்த நொடியில் எஞ்சின் அணைந்துவிடும். ஸ்டியரிங் கனத்துப்போகும், இரண்டு மூன்று முறை மிதித்தபின் பிரேக் பெடலும் இறுகிவிடும். பின்னால் லாரி வரும் நெடுஞ்சாலையில், குடும்பத்தை வைத்துக்கொண்டு அந்த நிலையைச் சந்திக்க வேண்டாம்.

ரப்பர் ஓட்டத்தால் மட்டும் தேய்வதில்லை. எஞ்சின் சூட்டில் சும்மா இருந்தாலும் வயதாகும். அதனால்தான் கையேட்டில் கிலோமீட்டர், வருடம் இரண்டையும் போட்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். சர்வீஸ் பில்லில் பதிவு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றிப் பார்த்து "வெடிப்பு இல்லை, இன்னும் ஓடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்றைய பெல்ட்கள் மேலே வெடிப்புக் காட்டாமலேயே உள்ளிழை நைந்துபோகும்.

வாட்டர் பம்பைச் சேர்த்துச் சொன்னது அவருடைய அனுபவம். உங்கள் எஞ்சினில் அதைச் சுழற்றுவதும் இதே பெல்ட்தான். பம்பின் பேரிங்கோ, டென்ஷனரோ, ஐட்லரோ இறுகினால் புதுப் பெல்ட்டும் போய்விடும். பிறகு பம்பை மட்டும் மாற்ற நினைத்தாலும் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே கிட்டாக, நம்பகமான கடையில் பில்லோடு வாங்குங்கள். இதில் டூப்ளிகேட் வேண்டவே வேண்டாம். முன்பக்க ஆயில் சீல் கசிந்தால் அதையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். ஆயில் பட்ட பெல்ட் நிற்காது.

வேலையை ஒப்படைக்கும் முன் ஒன்று கேளுங்கள்: கேம், கிராங்க் இரண்டையும் பூட்டும் டைமிங் பின் அவரிடம் இருக்கிறதா? பெயின்டில் கோடு போட்டு வைத்துக்கொள்கிறேன் என்றால் வேறு இடம் பாருங்கள். பெல்ட்டை மாட்டி டென்ஷன் வைத்தபின், சாவியைத் திருப்புவதற்கு முன்னால், ஸ்பேனரால் கிராங்க்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். டைமிங் பின் மறுபடி தடையில்லாமல் உள்ளே போனால்தான் டைமிங் சரி.

பம்பைக் கழற்றும்போது கூலன்ட் இறங்கிவிடும். திரும்ப ஊற்றும்போது போர் தண்ணீர் கலக்க விடாதீர்கள். ரேடியேட்டருக்குள் உப்பும் துருவும் பிடிக்கும். வெளியில் இருக்கும் ஃபேன் பெல்ட்டில் பிரிவு தெரிந்தால் அதையும் மாற்றுங்கள். அதன் நார் பிய்ந்து உள்ளே போய் டைமிங் பெல்ட்டையே கெடுத்த வண்டிகள் உண்டு. எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங் என்று பட்டியல் நீண்டால், புகையோ தடுமாற்றமோ இல்லாத வண்டிக்கு அவை தேவையில்லை, தாராளமாக மறுத்துவிடலாம்.

கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை வேறு மெக்கானிக்கிடம் போனாலும் இந்தக் கேள்வி எழாது.