ராஸி கேட்க மறந்த கேள்வி

விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்குக் காரணம் கண்டுபிடிப்பது எளிதல்ல. ரய் நகரில் பிறந்து, பக்தாதில் வைத்தியசாலை நடத்திய மருத்துவ மேதை அர்-ராஸியும் ஒருமுறை இதில் தடுமாறினார். 'கிதாபுல் ஹாவி'யில் அவரே அதைப் பதிந்திருக்கிறார்.

அந்த நோயாளிக்குச் சில காலம் தினமும், சில காலம் ஆறு நாட்களுக்கொருமுறையும் காய்ச்சல் வந்தது. முன்னதாக இலேசான நடுக்கம். அடிக்கடி சிறுநீரும் போனது. ஒன்றில் இது நான்காம் நாள் முறைக்காய்ச்சலாக மாறும், இல்லையேல் சிறுநீரகத்தில் சீழ்க்கட்டி இருக்கிறது என ராஸி எண்ணினார். சில நாட்களில் சிறுநீரில் சீழ் வந்தது. இனிக் காய்ச்சல் திரும்பாது என்றார், அப்படியே நடந்தது.

அதன் பின் அவர் எழுதியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எழுந்து நிற்கையில் இடுப்பில் பாரம் தெரிகிறதா என்று கேட்கத் தவறிவிட்டேன் என்கிறார்!

பலமுறை 38.3 பாகை செல்சியஸைத் தாண்டி, மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்து, ஒரு வாரம் வைத்தியசாலையில் ஆராய்ந்தும் விளங்காததே 'காரணம் அறியாக் காய்ச்சல்' என 1961இல் பீற்றர்ஸ்டோர்வ், பீசன் என்போர் வரையறுத்தனர். இன்று ஸ்கேன் உண்டு, இரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. ஆயினும் வைத்தியர் கேள்விகளிலிருந்தே தொடங்குகிறார்: இரவில் வியர்க்கிறதா? உடல் மெலிந்ததா? காய்ச்சாத பால் குடித்தீர்களா? காய்ச்சல் வந்த நேரமும் அளவும் எழுதிய கொப்பியொன்று கையிலிருந்தால் நல்லது. வீட்டில் மிஞ்சிக் கிடந்த அன்டிபயோட்டிக்கை உம்மா கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதனாலேயே சோதனையில் கிருமி வளராமல் போகலாம்.