கம்பியில் ஆள் விடப் போகும் பிள்ளைகளுக்கு

எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்து லயங்களில் இருந்து ஜிப்லைன், ராட்சத ஊஞ்சல், கயிற்றுப் பாலம் என்று வேலைக்குப் போகும் தம்பி தங்கச்சிமார் இப்போது கூடிவிட்டார்கள். என்ன பழக வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்டதற்குச் சொல்கிறேன்.

1. கம்பி நமக்குப் புதிதல்ல. மேல்மலையில் எடுத்த கொழுந்தைச் சாக்கில் கட்டி, கம்பியில் கொளுவி, பள்ளத்தில் இருக்கும் ஸ்டோருக்கு விட்ட தோட்டங்கள் மலைநாட்டில் இருந்தன. இன்று லிட்டில் அடம்ஸ் பீக் பக்கத்தில் ‘ஃப்ளையிங் ராவணா’ இரட்டைக் கம்பியில், தேயிலைக்கு மேலே ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர் ஆட்கள் பறக்கிறார்கள். அன்று அறுந்தால் ஒரு சாக்குக் கொழுந்து நட்டம். இன்று உங்களுக்குச் சம்பளம் தருவதே அது அறுந்துவிடாமல் பார்ப்பதற்குத்தான். பெல்ட் மாட்டிவிட்டுச் சிரிப்பதற்கல்ல.

2. காலையில் முதல் ஆள் வருமுன் கம்பியைப் பாருங்கள். கண் மட்டும் போதாது. பழைய பருத்தித் துணியைக் கம்பியில் சுற்றிப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டு போனால், அறுந்த இழை இருக்கும் இடத்தில் துணி சிக்கி நூல் பிரியும். வெறுங்கையால் தடவினால் கை கிழியும். அறுந்த இழை எத்தனை, எந்த இடம், துரு எங்கே என்று திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். கப்பியின் சில்லு தேய்மானமும் கொளுக்கியின் பூட்டும் அதே கொப்பியில் வர வேண்டும். பார்க்காமலே ‘சரி’ போட்ட கொப்பியைவிட வெறும் கொப்பி மேல்.

3. பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் கம்பியடியில் நிற்காதீர்கள். இப்போது காந்த பிரேக் பரவலாகி வருகிறது. காந்தங்களுக்கு நடுவே அலுமினியத் தகடு வேகமாகப் போனால், தகட்டுக்குள்ளேயே மின்சுழல் உண்டாகி, ஓட்டத்தை எதிர்த்து இழுக்கும். தேய்வதற்கு ஒன்றுமில்லை, கரண்டும் தேவையில்லை. 2022 மின்வெட்டில் மணிக்கணக்கில் இருட்டில் கிடந்த நாட்டுக்கு அது பெரிய விஷயம். ஆனால் வேகம் குறையக் குறையப் பிடியும் குறையும். முழுதாக நிறுத்திப் பிடித்து வைக்க அதனால் முடியாது. அதனால்தான் இரண்டாவதாக ஒரு தடுப்பு எப்போதும் இருக்க வேண்டும். ‘புது பிரேக் வந்துவிட்டது, பழையதைக் கழற்று’ என்று யார் சொன்னாலும் கழற்றாதீர்கள்.

4. தராசில் ஏற்றுங்கள். கண்ணால் எடை போடாதீர்கள். பாரமானவர் வேகமாக வந்து முட்டுவார், மெலிந்தவர் பாதிக் கம்பியில் நின்றுவிடுவார்; நின்றவரை இழுத்து வரப் போகிறவர் நீங்கள். ஆடி, ஆவணியில் கச்சான் அடிக்கும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தந்த அதே காற்று, எதிரே வந்தால் ஆளை நிறுத்தும், பின்னால் வந்தால் தள்ளும். காற்றுமானி சொல்வதைக் கேளுங்கள், வரிசையில் நிற்பவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். இடி கேட்டால் கம்பியை மூட வேண்டியதுதான்.

5. கம்ப்யூட்டர் நிறுத்தினால் ஏன் நிறுத்தியது என்று பாருங்கள். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் ‘ஸ்மைலர்’ என்ற ரோலர் கோஸ்டர். 2015 ஜூன் 2ஆம் திகதி, சோதனைக்கு விட்ட வெறும் வண்டி ஒன்று பாதையில் பள்ளத்தில் நின்றுவிட்டது. அதைக் கண்ட கம்ப்யூட்டர், 16 பேர் இருந்த அடுத்த வண்டியை மேலேயே பிடித்து வைத்தது. திருத்த வந்தவர்கள் பாதையில் வண்டி எதுவும் இல்லை என்று நினைத்து, தடுப்பை மீறி அதை விட்டார்கள். மோதியதில் இரண்டு இளம்பெண்களுக்குக் கால் போனது. அடுத்த ஆண்டு கம்பனிக்கு 50 இலட்சம் பவுண் அபராதம். இயந்திரம் சரியாகத்தான் சொன்னது. பாதையை நடந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

6. வருகிற மோஸ்தர் எல்லாவற்றுக்கும் ஓடாதீர்கள். அதே பூங்காவில் 2016இல் பழைய கோஸ்டர் ஒன்றில் ஏறுகிறவர்களுக்கு விஆர் கண்ணாடி மாட்டி, விண்வெளி காட்டினார்கள். சில ஆண்டுகளில் கண்ணாடியைக் கைவிட்டார்கள். நம் பக்கத்தில் அது இன்னும் வீண். 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் போவதைப் பார்க்க உலகமே வந்து வெயிலில் காத்து நிற்கிறது. அப்படி வந்தவர் கண்ணை மூடவா கண்ணாடி?

7. மண்ணைப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்சரிவில் புதைந்தது உங்களுக்கும் தெரியும். ஆபத்து என்று முன்னமே எச்சரிக்கப்பட்ட இடம் அது. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கியது. கம்பியின் இரண்டு நுனியும் இதே மலையில்தான் நட்டிருக்கிறது. பெருமழைக்குப் பிறகு தூணடியில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கலங்கி வரும் ஊற்று ஏதாவது கண்டால் திறக்க விடாதீர்கள். கம்பியைப் பரிசோதிக்க வரும் வெளிநாட்டுத் தொழில்நுட்பக்காரனுக்கு இந்த அடையாளம் தெரியாது. உங்கள் அப்பாவுக்குத் தெரியும், கேளுங்கள்.

8. அந்தத் தொழில்நுட்பக்காரன் பரிசோதனைக்கு வரும் நாளில் லீவு எடுக்காதீர்கள். கூடவே நின்று எதை அளக்கிறான், எதைக் கழற்றச் சொல்கிறான் என்று கேட்டு எழுதுங்கள். கயிற்றுப் பூங்காக்களுக்கு ஐரோப்பாவில் ஈஎன் 15567 என்று ஒரு தரம் இருக்கிறது. அதைப் படிக்குமளவு இங்கிலீஷ் பழகுங்கள். பரிசோதகர் வேலைக்கு நம் பிள்ளைகள் போக வேண்டும்.

9. சம்பளம். கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு ஈபிஎஃப் இருக்கிறது. ‘சீசனுக்கு மட்டும்தான், டிப்ஸ் வரும்’ என்று சொல்லி உங்களுக்கு அதைத் தராத முதலாளிகளும் இருப்பார்கள். நியமனக் கடிதத்தையும் காப்புறுதியையும் முதல் நாளே கேளுங்கள். கம்பியில் தொங்கி ஆளை மீட்கப் போகிறவருக்குக் காப்புறுதி இல்லை என்றால், அந்த இடத்தில் சேராதீர்கள்.